டயரின் பக்கவாட்டில் ஒரு மலை: ஐரோப்பியக் குளிர்காலத்தில் மோட்டார்ஹோம் ஓட்ட என்னென்ன விதிகள்

டிசம்பர் கடைசியில் மியூனிக்கிலிருந்து, வேனையே வீடாக்கிய மோட்டார்ஹோமைக் கிளப்பி, இன்ஸ்புரூக் தாண்டி, பிரென்னர் கணவாய் ஏறி இறங்கி இத்தாலியின் போல்சானோவுக்குப் போனால் தூரம் முந்நூறு கிலோமீட்டர்கூட வராது. இவ்வளவு சின்னப் பயணத்துக்குள் டயர் பற்றிய மூன்று வெவ்வேறு சட்டங்களுக்குள் நுழைந்து வெளியே வந்துவிடுவீர்கள். ஒரு நாட்டில் தேதிக் கணக்கு கிடையாது, அடுத்த நாட்டில் தேதியும் உண்டு வானிலையும் உண்டு, மூன்றாவது நாட்டில் வெயில் அடித்தாலும் தேதி தேதிதான்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே விதிதானே இருக்கும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் நிறைய. டயரை எப்படிச் சோதிக்க வேண்டும், என்ன முத்திரை குத்த வேண்டும் என்பதற்குத்தான் பொது விதி இருக்கிறது. பனிக்கும் குளிருக்கும் என்றே செய்யும் குளிர்கால டயரை எப்போது, எந்தச் சாலையில் மாட்ட வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவு செய்கிறது. வண்டி எந்த நாட்டில் பதிவானது என்பது இங்கே உதவாது. சக்கரம் எந்தச் சாலையில் உருள்கிறதோ அந்த நாட்டுச் சட்டம்தான். பிரிட்டனில் குளிர்கால டயர் கட்டாயமே இல்லை, ஆனால் பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டோடு ஆல்ப்ஸ் பக்கம் வருகிறவருக்கு அது எந்தச் சலுகையும் தராது.

முதலில் ஜெர்மனி. அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள், சட்டத்தில் அப்படி எந்தத் தேதியும் இல்லை. சாலையில் வழுக்குப் பனிக்கட்டியோ, இறுகிய பனியோ, பனிச் சேறோ, உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். ஜனவரியில் சாலை காய்ந்து கிடந்தால் கோடை டயரில் போகலாம். ஏப்ரலில் திடீரென்று பனி கொட்டினால் கூடாது. நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்கு இது பொருந்தாது, ஓட்டினால்தான் குற்றம். இந்த விதிக்கு ஒரு சின்னக் கதை உண்டு. 2006இல் விதியை எழுதும்போது வானிலைக்குப் பொருத்தமான டயர் வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டார்கள், எது பொருத்தம் என்று சொல்லவில்லை. 2010 ஜூலையில் ஓல்டன்பர்க் மேல்நீதிமன்றம் இவ்வளவு மங்கலான வாசகத்தை வைத்துக்கொண்டு அபராதம் போட முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவசரமாகத் திருத்தி, எந்தெந்த நிலையில் என்று பட்டியல் போட்டார்கள். மீறினால் 60 யூரோ, அதோடு ஓட்டுநர் கணக்கில் ஒரு தண்டப் புள்ளி. மற்றவர்களுக்கு இடைஞ்சலானால் 80. தெரிந்தே வண்டியை ஓட்டக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 75.

சரி, எதைக் குளிர்கால டயர் என்று ஒப்புக்கொள்கிறார்கள்? இங்கேதான் மோட்டார்ஹோம்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் இரண்டு குறிகளைப் பார்க்கலாம். ஒன்று எம்+எஸ், சேறும் பனியும் என்பதன் சுருக்கம். இதைப் போட எந்தச் சோதனையும் தேவையில்லை. தரையைத் தொடும் பட்டன் வடிவம் அகலமான பள்ளங்களோடு இருந்தால் தயாரிப்பாளரே பொறித்துக்கொள்ளலாம். இன்னொன்று மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இதை வாங்க வேண்டுமானால் பனியில் ஓட்டி, அளவுகோலாக வைத்திருக்கும் ஒரு டயரோடு ஒப்பிட்டுத் தேற வேண்டும். சும்மா கிடைக்காது. ஜெர்மனி 2018லிருந்து தயாராகும் டயர்களுக்கு மலைக் குறியைக் கட்டாயமாக்கியது, 2017 டிசம்பர் வரை தயாரான எம்+எஸ் டயர்களுக்கு 2024 செப்டம்பர் 30 வரை அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் முடிந்துவிட்டது. பிரான்ஸ் 2024 நவம்பரிலிருந்தும், ஸ்வீடன் 2024 டிசம்பரிலிருந்தும் அதே வழிக்கு வந்துவிட்டன.

இதில் மோட்டார்ஹோமுக்கு என்று தனியாக என்ன சிக்கல் என்றால், சிபி டயர்கள். கேம்பிங் வண்டிக்கென்றே செய்யும் டயர் இது. பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும், மாதக்கணக்கில் முழுப் பாரத்தோடு ஒரே இடத்தில் நின்றாலும் தாங்கும், பின் சக்கரத்தில் 5.5 பார் வரை காற்று அடிக்கலாம். நல்ல டயர்தான். ஆனால் சில வருடம் முன்பு வரை புது வண்டியோடு வந்த சிபி டயர்கள் பலவற்றில் எம்+எஸ் மட்டும்தான் இருக்கும், மலை இருக்காது. வண்டி வாங்கும்போது எல்லாக் காலத்துக்கும் ஆகும் என்று சொல்லித்தான் கொடுத்திருப்பார்கள், அன்றைக்கு அது பொய்யும் இல்லை. இப்போது அந்த டயரோடு பனி விழுந்த ஜெர்மன் சாலையில் ஏறினால் கோடை டயரோடு ஏறியதாகத்தான் கணக்கு. மலைக் குறியுள்ள சிபி டயர்களும் அதே அளவில் சாதாரண வேன் குளிர்கால டயர்களும் கடையில் கிடைக்கின்றன. வேன் டயரை எடுத்தால் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் பாரச் சுட்டெண் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், காற்றழுத்தமும் மாறும்.

இன்னொரு விஷயம், மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். வருடத்தில் பாதி நாள் கொட்டகையில் நிற்கும் வண்டி, பட்டன் பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். குளிர்கால டயரின் முழு மதிப்பும் அந்த ரப்பர் குளிரிலும் மென்மையாக இருப்பதில்தான் இருக்கிறது, கூடவே பட்டன் கட்டைகளில் இருக்கும் மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வ வேண்டும். பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். இதைப் பார்க்காமல் மீதிப் பட்டனை மட்டும் அளந்துவிட்டுத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை.

இப்போது கீஃபர்ஸ்ஃபெல்டனைத் தாண்டி கூஃப்ஸ்டைனில் ஆஸ்திரியாவுக்குள் நுழைகிறோம். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ பனிச் சேறோ ஐஸோ இருந்தால் எல்லாச் சக்கரத்திலும் குளிர்கால டயர் வேண்டும். ஆஸ்திரியாவில் எம்+எஸ் குறி இன்னமும் செல்லும். ஆனால் பட்டன் ஆழம் குறைந்தது 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் சட்டப்படி அது குளிர்கால டயரே இல்லை. ஜெர்மனியில் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலைக் குறியோடு 3.5 மில்லிமீட்டர் பட்டன் உள்ள டயர் ஜெர்மனியில் செல்லும், ஆஸ்திரியாவில் செல்லாது; மலைக் குறி இல்லாத, 7 மில்லிமீட்டர் பட்டன் உள்ள எம்+எஸ் டயர் ஆஸ்திரியாவில் செல்லும், ஜெர்மனியில் செல்லாது. எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க் தூரம்தான் வித்தியாசம். மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டிய வண்டியாக இருந்தால் ஆஸ்திரியா கேட்பது 5 மில்லிமீட்டர், பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

3.5 டன் என்றதும் லாரி விதி நமக்கும் வருமா என்று ஒரு பயம் வரும். மோட்டார்ஹோம் எவ்வளவு கனமாக இருந்தாலும் ஆவணத்தில் அது பயணியர் வண்டி, எம்1 வகுப்பு. அதனால் ஆஸ்திரியாவில் லாரிகளுக்கு இருக்கும் கட்டாயம், அதாவது பனி இல்லாவிட்டாலும் அந்த மாதங்கள் முழுக்கக் குளிர்கால டயர், வண்டியிலேயே பனியில் டயர்மேல் கட்டும் சங்கிலி என்பது மோட்டார்ஹோமுக்கு வராது. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. ஜெர்மனியில் லாரிக்கும் பேருந்துக்கும் இன்ஜின் சுழற்றும் இயக்கு அச்சிலும் ஸ்டீயரிங்கோடு திரும்பும் முன் அச்சிலும் குளிர்கால டயர் இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எம்1 என்பதால் 5 டன் மோட்டார்ஹோமுக்கு அந்தச் சலுகை கிடையாது, எல்லாச் சக்கரத்திலும் வேண்டும்.

பிரென்னரைத் தாண்டி இத்தாலி. இங்கே நாடு தழுவிய கட்டாயம் இல்லை, சாலையைப் பராமரிக்கிறவர் அந்தந்தப் பகுதிக்கு உத்தரவு போடுவார். பொதுவாக நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை. பிரென்னரிலிருந்து இறங்கும் ஏ22 நெடுஞ்சாலையிலும் இதே தேதிகள்தான், ஆஸ்தா பள்ளத்தாக்கில் அக்டோபர் 15இலேயே தொடங்கிவிடும். அந்த நாட்களில் குளிர்கால டயர் மாட்டியிருக்க வேண்டும், அல்லது வண்டிக்குள் சங்கிலி இருக்க வேண்டும். வானம் நீலமாக இருக்கிறதே, சாலை காய்ந்திருக்கிறதே என்று வாதாட முடியாது. போலீஸ் நிறுத்தினால் டயரைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் சங்கிலியைக் காட்டச் சொல்வார்கள். ஊருக்கு வெளியே அபராதம் 87 யூரோவில் தொடங்குகிறது, அத்தோடு சங்கிலி கிடைக்கும் வரை வண்டியை எடுக்க விடாமலும் வைக்கலாம். கோடை டயரோடு சங்கிலி மட்டும் வைத்திருப்பது இத்தாலியில் முழுக்கச் சட்டப்படி சரி. என்னைக் கேட்டால் நான்கு டன் வண்டிக்கு அது மோசமான யோசனை, சட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்கும் வளைவில் நிற்பதற்கும் சம்பந்தம் இல்லை.

பிரான்ஸின் மலைச் சட்டம் 2021 நவம்பர் 1இல் அமலுக்கு வந்தது. ஆல்ப்ஸ், ஜூரா, வோஜ், மாசிஃப் சென்ட்ரல், பைரனீஸ், கோர்சிகா என்று ஆறு மலைத்தொகுதிகள், அவற்றுக்குள் எந்தெந்த ஊர்கள் என்பதை மாவட்ட ஆட்சியாளர்கள் முடிவு செய்கிறார்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்தப் பகுதிக்குள் நுழையும்போது பலகை நிற்கும். நான்கு குளிர்கால டயர், அல்லது இயக்கு சக்கரங்கள் இரண்டுக்காவது சங்கிலியோ டயர்மேல் மாட்டும் துணி உறையோ வண்டியில் இருக்க வேண்டும். விதியில் மோட்டார்ஹோம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், அதனால் நமக்குப் பொருந்துமா என்ற குழப்பமே இல்லை. முதல் சில குளிர்காலங்களில் பழகிக்கொள்ளட்டும் என்று அபராதம் போடவில்லை. நீல வட்டத்தில் சங்கிலி கட்டிய சக்கரம் வரைந்த பலகை வேறு, அது இதற்கும் மேலே. அங்கிருந்து சங்கிலியை மாட்டியே ஆக வேண்டும், குளிர்கால டயரும் ஏற்கப்படும் என்று கீழே துணைப் பலகை இருந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

குளிருக்குப் பயந்து ஸ்பெயினுக்கு ஓடுகிறவர்கள் மலைச் சட்டம் பனிச்சறுக்குக்காரர்களுக்குத்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். பிரான்ஸில் வடக்கிலிருந்து தெற்கே போகும் ஏ75 நெடுஞ்சாலை மாசிஃப் சென்ட்ரல் மேலே 1,100 மீட்டருக்கு மேல் ஏறித்தான் இறங்குகிறது. கடற்கரையில் மேசை போட்டுக் காபி குடிக்கலாம் என்று கிளம்பிய வண்டி நடுவழியில் பனியில் நிற்பது இப்படித்தான். ஸ்பெயினிலும் மலைச் சாலைகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிலைமையை அறிவிப்பார்கள். சிவப்பு என்றால் சங்கிலியோ குளிர்கால டயரோ இல்லாமல் நகரக் கூடாது, கறுப்பு என்றால் சாலையே மூடல்.

சட்டம் இவ்வளவு. வண்டி சட்டத்தைப் படிப்பதில்லை என்பதால் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதி ஃபியட் டுகாட்டோ மாதிரியான முன்சக்கர இயக்க வேன்மேல் கட்டியது. வீட்டுப் பகுதி பின் அச்சைத் தாண்டி ஒன்றரை, இரண்டு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் சாமான் அறை, அதற்குள் இரண்டு மின்சார சைக்கிள், பனிச்சறுக்குப் பலகைகள், ஒயின் பெட்டிகள். பின் அச்சு நடுவில் முட்டுக்கொடுத்த சீசா பலகை போல, பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தை லேசாக்குகிறது. மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும். இழுக்க வேண்டிய சக்கரத்தில் எடையே இல்லாமல், மூன்று சென்டிமீட்டர் பனியில் வண்டி நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும். பக்கத்தில் ஒரு சின்னக் கார் சாதாரணமாக ஏறிப் போகும், பார்க்கவே எரிச்சலாக இருக்கும். கனமான சாமானை அச்சுகளுக்கு நடுவே கொண்டுவருவது பாதி தீர்வு. குறுகிய ஏற்றத்தில் பின்னோக்கி ஓட்டி ஏறுவதும் ஒரு பழைய வழி, அப்போது பாரம் இயக்கு சக்கரத்தின் பக்கம் சாயும்; நெடுஞ்சாலையில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை.

சங்கிலி எப்போதும் இயக்கு அச்சில்தான். டுகாட்டோ, பூஷோ பாக்ஸர், சித்ரோயன் ஜம்பர் என்றால் முன்னால். பின்சக்கர இயக்க ஸ்பிரின்டர், இவெகோ டெய்லி என்றால் பின்னால், டெய்லியில் இரட்டைச் சக்கரம் வேறு இருக்கலாம். முன்னால் சங்கிலி கட்டி, பின்னால் கோடை டயரோடு இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் கவ்வி நிற்கும், பின்பக்கம் நிற்காது, சுழன்று முன்னால் வரப் பார்க்கும். சங்கிலி இருந்தாலும் நாலு சக்கரத்திலும் நல்ல குளிர்கால டயர் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

வாங்கும்போது டயர் அளவை மட்டும் பார்த்தால் போதாது. சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எவ்வளவு தடிமனான சங்கிலி ஏறும் என்பது. எந்த டயர் அளவுக்குச் சங்கிலி போடலாம் என்று வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கும். காருக்கு 9 மில்லிமீட்டர் சங்கிலி என்றால் வேனுக்கு 16 மில்லிமீட்டர் பெட்டிகளைத்தான் அதிகம் விற்கிறார்கள். பெட்டியின்மேல் ஆஸ்திரியத் தரமான ஓநார்ம் வி5117 அல்லது ஐரோப்பியத் தரமான ஈஎன் 16662-1 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள், மலிவு விலைச் சங்கிலி இரண்டாவது நாளில் அறுந்து சக்கர வளைவைக் கிழித்தால் மிச்சம் பிடித்த காசு எங்கே போகும் என்று தெரியும். துணி உறை லேசானது, மாட்டுவது சுலபம், பிரான்ஸின் மலைச் சட்டத்துக்கு அது போதும். சங்கிலிப் பலகை நிற்கும் இடத்தில் அதை எல்லா நாட்டிலும் சங்கிலியாக ஒப்புக்கொள்வதில்லை, காய்ந்த தார்ச் சாலையில் கொஞ்ச தூரம் ஓடினாலும் கனமான வண்டிக்கு அது நார்நாராகிவிடும்.

மாட்டுவதை வீட்டு வாசலில், காய்ந்த தரையில், வெளிச்சத்தில் ஒருமுறை செய்து பார்த்துவிடுவது உத்தமம். வழக்கமான வேன் சங்கிலியில் கம்பி வளையத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளி, இரண்டு முனையையும் மேலே கொண்டுவந்து கொக்கி போட்டு, அப்புறம் வெளிப்பக்கத்தை டயர்மேல் விரித்து, முன்பக்கக் கொக்கியை மாட்டி, இழுவைச் சங்கிலியை வண்ணத் துண்டுகள் வழியே இழுத்து இறுக்க வேண்டும். வளையத்தைப் பின்னால் தள்ளும் கட்டத்தில் கை முழுக்கச் சக்கர வளைவுக்குள் போகும், உருகிய பனியும் உப்புச் சேறும் முழங்கை வரை வழியும். ரப்பர் கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, மண்டி போட ஒரு பழைய பாய், இந்த மூன்றும் சங்கிலிப் பெட்டியோடு இருக்கட்டும். சில நூறு மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ஜெர்மனியில் சங்கிலியோடு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது, மற்ற இடத்திலும் அதற்கு மேல் போக யாருக்கும் மனசு வராது, அவ்வளவு அதிரும். பலகை தெரிந்ததும் அதற்கான ஒதுக்கிடத்தில் நிறுத்தி மாட்டுங்கள். சக்கரம் சுற்ற ஆரம்பித்த பிறகு மேட்டின் நடுவில் மாட்ட முயன்றால் பின்னால் நிற்கும் வரிசை முழுக்க ஹாரன் அடிக்கும். நீலப் பலகைக்கு முன்னால் நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் ஜெர்மனியில் விலக்கு இல்லை.

குளிரில் காற்றழுத்தமும் குறையும். 5 பார் அடிக்கும் டயரில் வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் சுமார் 0.2 பார் இறங்கும். பதினைந்து டிகிரியில் அடித்துவிட்டு மைனஸ் பத்தில் போய் நிற்கும் வண்டிக்கு அரை பார் காணாமல் போயிருக்கும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தில் பொதுவான கட்டாயம் இல்லை. ஆனால் கோடை டயரோடு பனியில் வழியை அடைத்துக்கொண்டு நின்றாலோ விபத்தானாலோ பொறுப்பு உங்கள் தலையில் விழும், காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம். ஸ்லோவேனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை, பட்டன் 3 மில்லிமீட்டர். செக் குடியரசில் நவம்பர் முதல் மார்ச் வரை குளிர்கால நிலை இருந்தால், 4 மில்லிமீட்டர். ஸ்வீடனில் டிசம்பர் முதல் மார்ச் வரை. பால்டிக் நாடுகளில் வானிலை என்ற பேச்சே இல்லை, தேதி வந்தால் மாட்ட வேண்டும். நார்வேயில் 3.5 டன்னைத் தாண்டினால் நவம்பர் 15 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயர் கட்டாயம், சங்கிலியும் வண்டியில் இருக்க வேண்டும். அங்கே மோட்டார்ஹோம் என்று சலுகை எதிர்பார்க்காதீர்கள். வடக்கே ஆணி பதித்த டயர் சகஜம், அதோடு ஜெர்மனிக்குள் இறங்கினால் ஆஸ்திரிய எல்லையோரத்துச் சின்னப் பட்டை தவிர எங்கும் அனுமதி இல்லை.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் குளிர்கால வசதி என்ற வார்த்தையைப் பார்த்துத் திருப்தியாகிவிட வேண்டாம். அது ஹீட்டரையும் உறையாத தண்ணீர்த் தொட்டியையும் குறிக்கலாம். சாவியை வாங்கும் முன் நான்கு டயரின் பக்கவாட்டிலும் மலை இருக்கிறதா, டாட் எண் என்ன, பட்டன் எவ்வளவு என்று குனிந்து பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலி இருந்தால் பெட்டியைத் திறந்து, அதில் எழுதியிருக்கும் அளவும் டயரில் எழுதியிருக்கும் அளவும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். போன சீசனில் வேறு வண்டியோடு போன பெட்டி மாறி வந்து கிடப்பது அபூர்வம் இல்லை.